சேலம் ரோட்டு டீக்கடைகளும் கபேக்களும்: எங்கே நிற்கலாம், எங்கே உட்காரலாம்?

சேலம்ரோட்டுக்காரன் · ஞாயிறு காலை 7.10

தருமபுரி நாலு ரோட்டில் ஆரம்பித்துச் சேலம் ரோட்டோடு ஒட்டப்பட்டி வரை போனால் இரண்டு பக்கமும் குடிக்கிற கடைதான். டீ, காபியைத்தான் சொல்கிறேன். பாய்லர் வைத்த டீக்கடை, பேக்கரி, பித்தளை டபரா காபிக்கடை, கண்ணாடிக் கதவு போட்ட கபே என்று வரிசையாக வந்துவிட்டன. தொலைதூர வண்டிகள் எல்லாம் ஊருக்கு வெளியே 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் போய்விடுகின்றன. இந்த ரோட்டுக்கு மிஞ்சியது உள்ளூர்க் கூட்டம்: கலெக்டர் ஆபீஸுக்கு வருகிறவர்கள், கலைக் கல்லூரிப் பிள்ளைகள், பாரதிபுரத்திலும் இலக்கியம்பட்டியிலும் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள், டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். இவர்களை நம்பியே இத்தனை கடை ஓடுகிறது.

சாயங்காலம் நடக்கப் போகும்போது ஒரு நாளைக்கு ஒரு கடை என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். எங்கே போனாலும் கேட்பது ஒன்றுதான்: ஒரு டீ, சர்க்கரை கம்மி. கபேயில் டீ இல்லை என்றால் காபி. அதுவும் இல்லை என்றால் அவர்களாகப் பார்த்துக் கொடுப்பது.

இதுவரை மனசில் நிற்பது கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கிற ஒரு தகரக் கொட்டகைக் கடை. திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளன்று போய்ப் பாருங்கள். பெஞ்சில் இடம் இருக்காது. அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பட்டா நகல், ஆதார் நகல், மனு மூன்றும் ஒரு பிளாஸ்டிக் உறையில் மடிமேல் இருக்கும். அதில் சொட்டு விழாமல் டம்ளரைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்து, கழுத்தை நீட்டிக் குடிப்பார்கள். மாஸ்டர் அவர்கள் கேட்காமலேயே ஸ்ட்ராங்காகப் போடுகிறார். அந்தக் கடை டீ சுமார் என்று சொல்கிறவர்கள் திங்கட்கிழமை போகாதவர்கள்.

உங்கள் கடையைச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், போட்டால் “நீ என்ன அவன் மச்சானா” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அடையாளம் போதும்.

பாய்லர்பிரியன் · ஞாயிறு காலை 7.48

நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் கடையைப் பார்த்து எந்தப் பிரயோஜனமும் இல்லை, நேரத்தைப் பார்க்க வேண்டும். ஒரே கடை, ஒரே மாஸ்டர், ஒரே தூள். மூணே முக்காலுக்குக் குடித்தால் கஷாயம், நாலே காலுக்குக் குடித்தால் டீ.

காரணம் துணிப்பை. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் காலையில் போட்ட தூள்மேலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தூளைத் தூவிச் சுடுதண்ணீர் ஊற்றி ஓட்டுவார்கள். நிறம் நன்றாகவே வரும். மணம் போயிருக்கும், துவர்ப்பு மட்டும் நாக்கில் ஒட்டும். நாலு மணிக் கூட்டம் வருவதற்குமுன் பையை உதறி, அலசி, புதுத் தூள் போடுவார்கள். அதில் இறங்குகிற முதல் ஐந்தாறு டீக்குத்தான் நான் போவேன். பை உதறுகிற சத்தம் எனக்கு ரோட்டுக்கு இந்தப் பக்கமே கேட்கும்.

கண்ணாடிக் கதவுக்குள் 120 ரூபாய் கொடுத்து ஐஸ் போட்ட பாலைக் குழல் வைத்து உறிஞ்சுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

காலனிஅக்கா · ஞாயிறு காலை 9.20

சொல்வதற்கில்லை என்று சொல்லியே சொல்லிவிட்டீர்கள் அண்ணா.

நீங்கள் ரோட்டோரம் நின்று, ஒரு காலைத் திண்ணைமேல் வைத்து, டீ குடித்துவிட்டுப் போவீர்கள். நான் எங்கே நிற்பேன்? இருபது ஆம்பிளைகள் நிற்கிற கடை வாசலில் ஒரு பொம்பளை போய் “அண்ணா ஒரு டீ” என்றால் டம்ளர் வருவதற்குள் எல்லார் கண்ணும் வந்துவிடும். மாஸ்டர் மரியாதையானவராக இருந்தால் “அக்கா, உள்ளே வந்து உட்காருங்க” என்பார். அந்த உள்ளே என்பது வெங்காய மூட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல்.

நான் கல்லூரியில் படித்தபோது தோழிகளோடு போக முடிந்தது பேக்கரிதான். அங்கேயும் பின்பக்க மேஜை, பப்ஸைச் சாப்பிட்டோமா கிளம்பினோமா என்று இருக்க வேண்டும். இப்போது இலக்கியம்பட்டிப் பக்கம் இருக்கிற கபேயில் இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு கோல்டு காபியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நோட்ஸ் எழுதுகிறார்கள். யாரும் எழுப்புவதில்லை. அந்த 120 ரூபாயில் காபிக்கு இருபது ரூபாய் என்றால் மிச்சம் நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் கழிவறைக்கும். கழிவறையைத் தனியாக அடிக்கோடு போட்டுப் படியுங்கள். நாலு ரோட்டில் இறங்கி ஒட்டப்பட்டி வரை நடக்கிற ஒரு பெண்ணுக்கு வழியில் அவசரம் என்றால் என்ன செய்வாள் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அங்கே காபி பிடிக்கவில்லை. ஆனாலும் போகிறேன்.

ஹாஸ்டல்பெஞ்ச் · ஞாயிறு காலை 9.41

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நாங்கள் மூன்று பேர் போய் ஒன்று வாங்கி மூன்று குழல் கேட்போம். முதலில் முறைத்தார்கள், இப்போது அவர்களே மூன்று குழல் வைத்துவிடுகிறார்கள். வைஃபை பாஸ்வேர்டு பில்லின் அடியில் வரும். பில் வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

பாய்லர்பிரியன் · ஞாயிறு காலை 10.05

காலனிஅக்கா, நாற்காலி விஷயத்தில் உங்களோடு சண்டை போட முடியாது. டீ விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டீமாஸ்டர்மகன் · ஞாயிறு காலை 11.30

எங்கள் அப்பா பென்னாகரம் ரோட்டில் கடை வைத்திருந்தார். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தவன்தான். ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள், ஆனால் தண்ணீரை யாரும் பேசவே இல்லை.

தூள் நீலகிரி டஸ்ட்தான், பெரும்பாலும் எல்லாக் கடையிலும் கிட்டத்தட்ட ஒரே ரகம். பால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் இந்த ஊரில் கடைக்குக் கடை ருசி மாறுவதற்கு முதல் காரணம் தண்ணீர். போர் தண்ணீரில் போட்ட டீயை ஆற வைத்துப் பாருங்கள், மேலே மெல்லிசாக ஒரு படலம் கட்டும். நிறம் கருத்துப் போகும், மணமே வராது. சுண்ணாம்பு உப்பு இருக்கிற தண்ணீர் அப்படித்தான். எங்கள் பாய்லரை வருஷத்துக்கு ஒரு தடவை ஈயம் பூசக் கொடுப்போம். பூசுகிறவர் முதலில் அடியைச் சுரண்டுவார், வெள்ளை வெள்ளையாகப் பாளம் பெயர்ந்து விழும், ஒவ்வொன்றும் பத்து ரூபாய்க் காசு கனத்துக்கு. அந்தப் பாளத்தைச் சூடாக்கிவிட்டுத்தான் நெருப்பு தண்ணீருக்குப் போக வேண்டும். கேஸ் ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று அப்பா சிலிண்டர் போடுகிறவரோடு சண்டை போடுவார்.

அப்புறம் ஒகேனக்கல்லிலிருந்து குழாய் வழியாகக் காவிரித் தண்ணீர் வந்தது. கடையில் தூளும் மாற்றவில்லை, மாஸ்டரும் மாறவில்லை. “என்ன, புதுத் தூளா?” என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அப்பா ஆமாம் என்றே சொல்லிவிட்டார்.

ஆகவே சேலம்ரோட்டுக்காரரே, ஒரு கடைக்குப் போனால் பச்சைத் தண்ணீர் ஒரு டம்ளர் வாங்கி முதலில் குடியுங்கள். அது நன்றாக இருந்தால் டீ சொல்லுங்கள்.

தகடூரான் · ஞாயிறு மதியம் 12.15

தம்பி சொன்ன தண்ணீர்க் கதைக்குக் கொஞ்சம் விவரம் சேர்க்கிறேன். குடிநீர் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே “ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு” என்று இருக்கும். தண்ணீரில் ஃப்ளோரைடு என்கிற உப்பு கூடிப் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற நோய்தான் ஃப்ளோரோசிஸ். ஜப்பான் நாட்டு ஜைக்கா நிறுவனத்தின் கடனில் கட்டியது, மதிப்பீடு 1,928 கோடி ரூபாய்க்கு மேல். 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தண்ணீர் விட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துத்தான். நம் பக்கத்துப் பாறையில் ஃப்ளோரைடு இருக்கிறது. ஆழமாகத் துளைக்கத் துளைக்கத் தண்ணீரில் அது கூடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பல கிராமங்களில் அதைத் தாண்டி இருந்தது. பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பெரியவர்களை இன்றைக்கும் எந்த டீக்கடை பெஞ்சிலும் பார்க்கலாம். டீ குடித்துக் குடித்து வந்த கறை என்று பலரும் நினைக்கிறார்கள். சின்ன வயசில், பல் உருவாகும்போதே தண்ணீர் போட்ட கோடு அது.

இன்னொன்று. “நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டோம், அதனால் பரவாயில்லை” என்பது கடைக்காரர்கள் எல்லாரும் சொல்வது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு சாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. போட்டால் குறையும். தேயிலைச் செடி வேறு மண்ணிலிருந்து ஃப்ளோரைடை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்கிற ஜாதி, அதுவும் முற்றின இலையில் கூடுதல். போர் தண்ணீரில் ஸ்ட்ராங் டீயாக நாள் பூராவும் இறக்குகிறவர்கள் இதை யோசிக்கலாம். ஒன்றிரண்டு டீ குடிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம்.

பாய்லர்பிரியன் · ஞாயிறு மதியம் 12.22

ஐயா, ஸ்ட்ராங் டீ என்று நீங்கள் எழுதியது என்னைத்தானே?

தகடூரான் · ஞாயிறு மதியம் 12.40

உங்களை நினைத்துத்தான்.

காவேரிப்பட்டணத்தான் · ஞாயிறு மதியம் 2.10

கிருஷ்ணகிரிக்காரன் வந்திருக்கிறேன். 2004-இல் மாவட்டத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டோம், ஆனால் டீக்கடைப் பேச்சு என்றால் பங்குக்கு வருவோம்.

தருமபுரியில் டீக்குத் துணை என்ன? போண்டா, பருப்பு வடை, பஜ்ஜி. நாலு மணிக்கு எண்ணெய்ச் சட்டி வைத்து ஏழு மணிக்கு முடிந்துவிடும். எங்கள் ராயக்கோட்டை ரோட்டில் எந்தக் கடையிலும் கண்ணாடி ஜாடியில் நிப்பட் இருக்கும், எந்நேரமும். அரிசி மாவில் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, எள், காய்ந்த மிளகாய் போட்டுத் தட்டிப் பொரித்தது. மொறுமொறுப்பு டீயில் நனைத்தால்கூடக் கொஞ்ச நேரம் நிற்கும். ஒன்றை வாங்கி நாலாக உடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு டீயை அரை மணி நேரம் ஓட்டுகிறவர்கள் உண்டு.

இன்னொரு விஷயம், பை டூ. பெங்களூருப் பழக்கம் எங்கள் பக்கம் வரை வந்துவிட்டது. “அண்ணா, ஒரு காபி பை டூ” என்றால் முகம் சுளிக்காமல் இரண்டு டம்ளரில் பிரித்துக் கொடுப்பார்கள். தருமபுரியில் ஒரு தடவை கேட்டேன். மாஸ்டர் என்னையும் கூட வந்தவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டு முழு டீயை வைத்து, “காசு இல்லைன்னா அப்புறம் கொடுங்க” என்றார்.

ஹாஸ்டல்பெஞ்ச் · ஞாயிறு மதியம் 2.18

😂 எந்தக் கடை என்று சொல்லுங்கள் அண்ணா, மாசக் கடைசியில் நாங்கள் போகிறோம்.

சேலம்ரோட்டுக்காரன் · ஞாயிறு மாலை 5.50

நிப்பட் இங்கேயும் கிடைக்கிறது, பாக்கெட்டில் வருகிறது. ஆனால் எங்களுக்குத் தட்டுவடை செட் இருக்கிறது. சேலத்து வழியாக வந்தது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு பக்கம் பச்சைச் சட்னி, ஒரு பக்கம் சிவப்புச் சட்னி. பாரதிபுரம் பக்கம் ஒரு தள்ளுவண்டி அக்கா போடுவார். வாயை முழுசாகத் திறந்து ஒரே கடியாகப் போட வேண்டும், பாதி கடித்தால் சட்டைக்கு ஆபத்து. டீயோடு சேராது என்பதுதான் குறை. காரத்தின்மேல் சூடு பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

இன்றைக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு டீ சொல்லும் சோதனையைச் செய்து பார்த்தேன். கேன் தண்ணீர் வைத்திருக்கிறார்கள்! குடிக்க கேன், பாய்லருக்கு வேறு. டீமாஸ்டர்மகன் என்ன சொல்கிறார்?

டீமாஸ்டர்மகன் · ஞாயிறு மாலை 6.30

அப்படியானால் டம்ளர் கழுவுகிற அண்டாவைப் பாருங்கள். டம்ளரில் வெள்ளைத் திட்டு இருந்தால் போர் தண்ணீர். பாய்லருக்கும் பெரும்பாலும் அதே குழாய்தான்.

ஏற்காட்டுக்கொட்டை · ஞாயிறு இரவு 8.05

டீ, டீ, டீ. காபிக்காகப் பேச ஆளே இல்லையா? பக்கத்து மலை ஏற்காடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காபிச் செடி வைத்தார், அப்போது தருமபுரியும் சேலம் மாவட்டம்தான். 1965 வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அப்படிப் பார்த்தால் அது நம் மாவட்டத்துக் காபி. ஆனால் இந்த ரோட்டில் அந்தக் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை என் கண்ணில் படவில்லை.

டீக்கடையில் காபி என்று கேட்டால் பாலில் இன்ஸ்டன்ட் தூளைக் கலந்து ஆற்றிக் கொடுப்பார்கள். அதில் தப்பில்லை, அவர்கள் பில்டர் என்று சொல்வதில்லை. எனக்குக் கோபம் வருவது வெளியே பித்தளை டபரா படம் போட்டு, உள்ளே இன்ஸ்டன்ட் கலக்குகிற இடங்களில். தெரிந்துகொள்வது சுலபம். கல்லாப் பக்கத்தில் டிகாஷன் பாத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எப்போது இறக்கியது என்று கேளுங்கள். காலையில் இறக்கியதைச் சாயங்காலம் வரைக்கும் வைத்துச் சூடுபண்ணினால் புளித்த கசப்பு வரும்.

அப்புறம் சிக்கரி. காபி-சிக்கரி கலவை என்று விற்றால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி, பாக்கெட்டில் விகிதம் போட வேண்டும். சிக்கரி கூடினால் டிகாஷன் கருகருவென்று கெட்டியாக இறங்கும், ஆட்கள் அதைத்தான் ஸ்ட்ராங் என்று நினைக்கிறார்கள். காபி விலை ஏறின ஏற்றத்தில் இந்த ஆசை கடைக்காரர்களுக்கு வருவதில் ஆச்சரியமில்லை. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்து, 2025 பிப்ரவரியில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அந்தச் சூடு நம் டபரா வரைக்கும் வந்தது.

கண்ணாடிக் கதவுக் கபேக்களில் இரண்டு ஜாதி. பட்டனை அழுத்தினால் தித்திப்பாக நுரை வருகிற மெஷின் ஒன்று. உள்ளே இருப்பது ப்ரீமிக்ஸ், எல்லாம் முன்கூட்டியே கலந்து வைத்த பொடி. இன்னொன்று கொட்டையை அப்போதே அரைத்து, 9 பார் அழுத்தத்தில் 25, 30 நொடியில் எஸ்பிரஸோ இறக்குகிற மெஷின். அரைக்கிற சத்தம் கேட்டால் உட்காருங்கள். கேட்காவிட்டால் எதிரே டீக்கடைக்குப் போய்விடுங்கள், பாதி காசு மிச்சம்.

காலனிஅக்கா · ஞாயிறு இரவு 8.50

கொட்டை அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டாவது ஜாதி மெஷின் ஒட்டப்பட்டிக்கு முன்னாலேயே ஒரு மாடிக் கடையில் இருக்கிறது. அரைக்கிற சத்தம் கேட்டேன். கசப்பாக இருந்தது, சர்க்கரை தனியாகச் சின்னப் பொட்டலத்தில் வந்தது. அந்தப் பையனிடம் “கொஞ்சம் பால் விடுப்பா” என்றேன். “மேடம், அப்படின்னா லாட்டே ஆகிடும், அது வேற ரேட்” என்றான். பாலுக்குத் தனி ரேட் போட்ட கடையை என் மாமியாரிடம் சொன்னேன், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஏற்காட்டுக்கொட்டை · ஞாயிறு இரவு 9.02

அந்தப் பையன் சொன்னது சரிதான் அக்கா. ஆனால் ஊரறிந்து சொல்லியிருக்கலாம்.

ரசீதுராஜா · திங்கள் காலை 8.15

கபே பக்கம் பேச்சு போனதால் ஒன்று. போன மாதம் குடும்பத்தோடு ஒரு கபேக்குப் போனேன். (இந்த ரோட்டில்தான், பெயர் சொல்லவில்லை.) பில்லில் ஜி.எஸ்.டி.க்கு மேலே “சர்வீஸ் சார்ஜ்” என்று ஒரு வரி. ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அது சரி, 2017 நவம்பரிலிருந்து உணவகங்களுக்கு அதுதான். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடுங்கள் என்றேன். மேனேஜர் உள்ளே போய்விட்டு வந்து எடுத்துவிட்டார், சண்டை எதுவும் இல்லை. கேட்டால் எடுப்பார்கள், கேளுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். சின்ன டீக்கடையில் பணம் போட்டதும் ஸ்பீக்கர் பெட்டி “பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது” என்று ஊருக்கே சொல்லிவிடுகிறது. கபேயில் அந்தப் பெட்டி இல்லை. 680 ரூபாய் பெறப்பட்டது என்று கத்தினால் யார் வருவார்கள்?

டீமாஸ்டர்மகன் · திங்கள் காலை 9.00

அந்தப் பன்னிரண்டு ரூபாயையும் சிலர் பெரிய குற்றமாகப் பேசுகிறார்கள். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சுப் பால் லிட்டர் 48-இலிருந்து 60 ஆனது. கொழுப்பு 6 சதவீதம் இருக்கிற அந்தப் பாலில்தான் டீக்கு உடம்பு வரும், பச்சை பாக்கெட்டில் 4.5, நீலத்தில் 3 சதவீதம்தான். நீலத்தில் போட்டால் டீ நிற்காது, ஓடும். கடைக்காரர் என்ன செய்வார்? ஆரஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுவார், இல்லையென்றால் விலையை ஏற்றுவார். விலையை ஏற்றினவரை நான் மரியாதையாகப் பார்ப்பேன்.

இலக்கியம்பட்டி உள்தெருவில் இன்னும் கறவை மாட்டுப் பால் வாங்குகிற ஒரு கடை இருக்கிறது. காலை ஐந்தரைக்கு பால்காரர் கேனோடு வருவார், மாஸ்டர் விரலை விட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். ஆறு மணிக்குள் போனால் அந்தப் பால் டீ கிடைக்கும். எட்டு மணிக்குமேல் அங்கேயும் பாக்கெட்தான்.

ஈரோட்டுமருமகள் · திங்கள் காலை 10.40

பார்சல் டீ பற்றி யாரும் பேசவில்லையே? கொதிக்கக் கொதிக்க டீயை பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை நூலால் கட்டிக் கொடுக்கிறார்கள். 2019 ஜனவரி 1-லிருந்து ஒரு தடவை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் நம் மாநிலத்தில் தடை. பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட பேப்பர் கப்பும் அந்தத் தடையில் வரும். கடைக்காரரிடம் கேட்டால் “நீங்க தூக்கு கொண்டு வாங்க, நான் ஊத்துறேன்” என்றார். நியாயம்தான். இப்போது தூக்கோடு போகிறேன், ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறார்.

வடையை நியூஸ்பேப்பரில் வைத்து அமுக்கி எண்ணெய் எடுக்கிறார்களே, அதையும் யாராவது நிறுத்துங்கள். அச்சு மை வடைக்குப் போகிறது.

பாய்லர்பிரியன் · திங்கள் காலை 11.05

பேப்பரில் வடை தின்றுகொண்டே செய்தி படித்த தலைமுறை நாங்கள். ஆனால் நீங்கள் சொல்வது சரி, வாழையிலைத் துண்டு வைக்கிற கடையும் இருக்கிறது. எண்ணெய் விஷயம் அதைவிடப் பெரியது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்டுப்போன பாகம் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. நமக்கு மீட்டர் எல்லாம் வேண்டாம். சட்டியில் வடை போட்டதும் நுரை பொங்கி அடங்காமல் நின்றால், எண்ணெய் கருத்துப் பிசுபிசுத்தால், டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

சேலம்ரோட்டுக்காரன் · திங்கள் மாலை 6.45

இன்றைக்குத் திங்கட்கிழமை என்பதால் மறுபடியும் தகரக் கொட்டகைக்கே போனேன். மாஸ்டரிடம் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். “சார் என்ன ஆபீஸ்?” அதிகாரி இல்லை என்று புரிய வைக்கவே இரண்டு டீ ஆகிவிட்டது. ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்கிறார், பாய்லருக்கு அதுதான். தீர்ந்துபோனால் கேன் வாங்கி ஊற்றுகிறார். “போர் தண்ணி ஊத்தினா நம்ம ஆளுங்க ஒரே வாயில கண்டுபிடிச்சிடுவாங்க சார்” என்றார். ஊருக்குள் வாயில் போட்டதும் தண்ணீரைச் சொல்லிவிடுகிற நாக்குகள் இருப்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் புதுசு.

இனி என் வரிசையில் கபேக்களையும் ஒழுங்காகச் சேர்த்துக்கொள்கிறேன். காலனிஅக்கா சொன்ன நாற்காலிக் கணக்கோடு பார்த்தால் மதிப்பெண் வேறு மாதிரி வருகிறது. ஒருநாள் எல்லாரும் சேர்ந்து போகலாமா? வருகிற வாரம் அஷ்டமி அன்றைக்கு எனக்கு லீவு.

தகடூரான் · திங்கள் இரவு 7.10

தேய்பிறை அஷ்டமியா? வேண்டவே வேண்டாம். அன்றைக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், சாம்பல் பூசணியில் விளக்கு ஏற்றுவார்கள். இந்த ரோட்டிலேயே வண்டி நகராது. எந்தக் கடையிலும் பை உதற நேரம் இருக்காது, பாய்லர்பிரியன் அழுதுவிடுவார். வேறு நாள் வையுங்கள்.

காலனிஅக்கா · திங்கள் இரவு 7.25

புதன்கிழமை என்றால் வருகிறேன். முதலில் நின்று குடிக்கிற கடை, அப்புறம் உட்காருகிற கடை. நிற்கிற கடையில் என்னோடு நீங்கள் எல்லாரும் நிற்க வேண்டும், உள்ளே ஸ்டூல் போடச் சொல்லக் கூடாது.

காவேரிப்பட்டணத்தான் · திங்கள் இரவு 7.31

நிப்பட் என் பொறுப்பு. ஒரு கிலோ போதுமா?

ஹாஸ்டல்பெஞ்ச் · திங்கள் இரவு 7.33

இரண்டு கிலோவாகக் கொண்டு வாருங்கள் அண்ணா. ஹாஸ்டல் கேட்டை ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள், அதனால் நாலு மணிக்கே ஆரம்பியுங்கள்.

பாய்லர்பிரியன் · திங்கள் இரவு 7.40

நாலே கால்.